மாருதி 800 கார்புரேட்டர் வண்டிக்கு வீட்டிலேயே காற்றுக் குழாய் அமைப்பது பயன் தருமா?

நாமக்கல்_97:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது அப்பா 1997இல் வாங்கிய மாருதி 800. 796 சிசி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், நான்கு கியர். மாதம் இருமுறை காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிச் செல்கிறேன். முப்பதாவது வளைவு வரை குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தாலும் வண்டி மூச்சு முட்டித் திணறுகிறது. வளைவுக்கு வளைவு முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஸ்பார்க் பிளக் மாற்றியாயிற்று, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பார்த்தாயிற்று, கம்பிரஷனும் (பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு) மூன்று சிலிண்டரிலும் ஒரே அளவாக இருக்கிறது.

ஆகவே காற்று வரும் வழியை மாற்றலாம் என்று எண்ணுகிறேன். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயிலிருந்து முன் பம்பருக்குப் பின்புறம் வரை 2 அங்குல பிவிசி குழாய் போட்டு, அதன் நுனியில் கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டுவதே திட்டம். மொத்தச் செலவு 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அப்பாவின் வண்டி என்பதால் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்ற அச்சம் இருக்கிறது.

பழைய_பட்டறை:

தம்பி, எதையும் அறுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இஞ்சினை நிறுத்தி, பெட்டியைக் கழற்றி, வீட்டில் யாரையாவது ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்துக் கார்புரேட்டர் வாய்க்குள் பாருங்கள். உள்ளே இருக்கும் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். பழைய வண்டிகளில் கேபிள் நீண்டு, கால் முழுவதும் இறங்கினாலும் அந்தத் தகடு முக்கால் பங்கோடு நின்றுவிடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக் தகடும் பாதியில் ஒட்டிக்கொள்ளும். இவை இரண்டும் சரியில்லாமல் குழாயை மாற்றுவது, கதவைச் சாத்திவிட்டு வாசலை அகலப்படுத்துவதாகும்.

பிவிசி குழாய் வேண்டாம் என்பேன். 80 டிகிரி வெப்பத்திற்கு அருகிலேயே அது இளகத் தொடங்கிவிடும். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்தில் மலை ஏறும்போது அதைவிட அதிகமாகவே சுடும். உட்புறம் கம்பிச் சுருள் உள்ள ரப்பர் ஓஸோ மெல்லிய அலுமினியக் குழாயோ போதும். இணைப்புகளில் ஓஸ் கிளிப் மட்டுமே இருக்கட்டும். குழாயைத் துளைத்துத் திருகாணி போடாதீர்கள், ஏனெனில் கழன்று விழும் திருகாணி நேரே சிலிண்டருக்குத்தான் போகும்.

பெட்டியைத் தூக்கி எறிய நினைப்பவர்கள் மறந்துபோவது பிரீதர் குழாயை. கிராங்க் கேஸிலிருந்து (இஞ்சினின் அடிப்பகுதி) வரும் எண்ணெய் ஆவியை இஞ்சினே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்படி அது அந்தப் பெட்டியில்தான் சேர்கிறது. அதைத் திறந்தபடி விட்டால் சாலைப் புழுதி எண்ணெய்க்குள் இறங்கும். கார்புரேட்டர் பின்னோக்கி வெடித்தால் தீயை உள்ளேயே அடக்குவதும் அந்தப் பெட்டிதான். பெட்ரோல் படிந்த ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒன்று பற்றி எரிவதை என் பட்டறை வாசலிலேயே சாக்கு போட்டு அணைத்திருக்கிறேன். பெட்டி இருக்கட்டும், அதன் மூக்கை, அதாவது காற்று நுழையும் வாயை, மட்டும் நீட்டுங்கள்.

கணக்கு_வழி:

மேலே பெரியவர் சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். நான்கு வீச்சு இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். ஆகவே நிமிடத்திற்கு 5,500 சுற்றில் உங்கள் 796 சிசி இஞ்சின் இழுக்கக்கூடியது அதிகபட்சம் 2,190 லிட்டர். நடைமுறையில் அதில் எண்பது விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 1,750 லிட்டர். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாயில் இவ்வளவு காற்று நொடிக்குச் சராசரியாக 15 மீட்டர் வேகத்தில் போகும். அந்த வேகத்தை உண்டாக்க ஆகும் அழுத்தம் வெறும் 14 மி.மீ. நீர்மட்டமே, அதாவது 14 மி.மீ. உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே. வளிமண்டல அழுத்தமோ 10,000 மி.மீ. நீர்மட்டத்திற்கும் மேல். அதாவது 2 அங்குலக் குழாய் போதுமா என்ற கவலை உங்களுக்குத் தேவையில்லை. இந்த இஞ்சினின் கழுத்தைப் பிடிப்பது கார்புரேட்டரின் குறுகலான தொண்டை, அதற்கு முன்னால் இருக்கும் குழாய் அன்று.

ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மீன்தொட்டிக்கு வாங்கும் ஒளிபுகும் குழாயில் 2 மீட்டர் எடுத்து, U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பக்கத்தில் அளவுகோலை ஒட்டி, பாதி வரை வண்ணத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்குப் பின், கார்புரேட்டருக்கு முன் உள்ள இடத்தில் செருகிவிட்டு, மறுமுனையைத் திறந்து விடுங்கள். மூன்று சிலிண்டர் இஞ்சின் துடித்துத் துடித்து இழுப்பதால் நீர்மட்டம் ஆடும். குழாய்க்குள் ஊசித்துளை இட்ட சிறு அடைப்பு ஒன்றை வைத்தால் அமைதியாகிவிடும். மேட்டில் இரண்டாவது கியரில் முழுவதும் மிதித்து ஏறும்போது பக்கத்தில் அமர்ந்திருப்பவர் இரு மட்டங்களின் வேறுபாட்டைப் படிக்கட்டும். 100 மி.மீ. வேறுபாடு என்றால் இழப்பு சுமார் ஒரு விழுக்காடுதான்.

வெப்பம் அப்படியன்று. 60 டிகிரியில் உள்ள பானட் காற்றைக் காட்டிலும் 35 டிகிரியில் உள்ள வெளிக்காற்று ஏறத்தாழ எட்டு விழுக்காடு அடர்த்தி கூடியது. உள்ளே போகும் வழியில் அது மீண்டும் சூடாவதால் அந்த எட்டும் முழுவதுமாகக் கிடைக்காது. பாதி கிடைத்தாலே ஃபில்டரில் தேடுவதைவிட மிகுதி. திறந்த கூம்பு ஃபில்டரைப் பானட்டுக்குள் மாட்டுபவர்கள் சூடான காற்றையே இழுத்துக்கொண்டு, ஓசை கூடியதை வேகம் கூடியதாக எண்ணிக்கொள்கிறார்கள். உங்கள் பெட்டியில் எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடான காற்றைக் கொண்டுவரும் வழி ஒன்று இருந்து, அது திறந்தே கிடக்கிறதா என்பதையும் பாருங்கள்.

1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தியே பத்து விழுக்காட்டை ஒட்டிக் குறைகிறது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அந்தப் பங்கை எந்தக் குழாயும் திருப்பித் தராது.

மழைக்காலம்:

குழாயின் வாயைப் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த இஞ்சினின் அழுத்த விகிதம் 8.7, அதன்படி பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஒரு சிலிண்டருக்குள் எஞ்சும் இடம் 35 மில்லி கூட இல்லை. இரண்டரை மேசைக்கரண்டித் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டன் மேலே வர வழியின்றிக் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையில் என் பழைய கார் அப்படித்தான் போயிற்று; முழங்கால் அளவு கூட இல்லாத தண்ணீர், ஆனால் குழாயின் வாயை நானே கீழே இறக்கி வைத்திருந்தேன். முகப்பு விளக்கின் மேல்விளிம்பு உயரத்தில், வாய் பக்கவாட்டில் திரும்பியிருக்க, வளைவின் அடியில் ஒரு சிறு வடிகால் துளையோடு அமையுங்கள்.

1997 வண்டி என்றால் பதிவு அடுத்து 2027இல் புதுப்பிக்க வரும். தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்திற்குப் பின் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி உண்டு. பெட்டியையும் அதன் உறுப்புகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கழற்றி எடுக்கக்கூடிய நீட்டிப்பாக மட்டும் செய்யுங்கள். முடித்ததும் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

நாமக்கல்_97:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்; மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர் சொன்னபடியே பார்த்தேன். என் மனைவி முழுவதும் மிதித்தபோது தகடு சாய்வாகவே நின்றது; கேபிளின் சரிகட்டும் நட்டை எட்டுச் சுற்று திருப்பிய பிறகுதான் செங்குத்தானது. அன்று மாலையே மலை ஏறிப் பார்த்தேன், முக்கால்வாசிக் குறை அதிலேயே தீர்ந்துவிட்டது.

தண்ணீர்க் குழாயையும் கட்டினேன். பழைய ஃபில்டரோடு 180 மி.மீ., புதிய காகித ஃபில்டரோடு 110 மி.மீ. பிறகு பெட்டியின் மூக்கிலிருந்து முகப்பு விளக்கின் பின்புறம் வரை கம்பிச் சுருள் ரப்பர் ஓஸை நீட்டினேன், 120 ஆயிற்று. ஆனால் மூக்குக்குள் தொங்கவிட்ட வெப்பமானி, ஐம்பதாவது வளைவில் முன்பு 57 டிகிரி காட்டிய இடத்தில் இப்போது 38 காட்டுகிறது. அறுபதாவது வளைவு வரை இரண்டாவது கியரிலேயே போக முடிகிறது.

பழைய_பட்டறை:

நல்லது தம்பி. இனி ஒன்றுதான் பாக்கி. ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் உட்சுவரில் வெள்ளை கிரீஸை விரலால் மெல்லியதாகத் தடவி வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் அதை வழித்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். மணல் போல் நறநறத்தால் எங்கோ இணைப்பு கசிகிறது. முதலில் பெட்டி மூடியின் ரப்பரைப் பாருங்கள்.