வன்னியில் சிறுதொழில் எழும்பாதது கடன் கிடைக்காததாலா?

பரந்தன் ஆலைக்காரன்:
நான் சொல்வது ஆம். என் நெல்லாலை நிற்பது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பெர்மிட் காணியில். சொந்தக் காணி என்று காட்டும் உறுதிப்பத்திரம் இல்லை என்றதும் வங்கி முகாமையாளரின் முகம் மாறும். பிரதேச செயலாளரின் சம்மதம் கொண்டு வா என்பார், கொண்டுபோனாலும் இழுத்தடிப்புத்தான். காலபோக அறுவடையில் நெல் மலிவாக வரும் சில வாரங்களில் கையில் காசு வேண்டும். இல்லாவிட்டால் பொலன்னறுவைப் பெரிய ஆலைகளின் லொறி ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு அதையே அரிசியாகப் பைக்கற்றில் வாங்கிச் சமைக்கிறோம்.

கடைக் கொப்பி:
அண்ணை, கடன் இல்லாமலா இருந்தது? 2009க்குப் பிறகு ஏ9 நெடுக வங்கியும் லீசிங் கம்பனியும்தானே முளைத்தன. வாரக்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டில், 2018 இல் வரட்சி மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

பரந்தன் ஆலைக்காரன்:
வாரக்கடனில் ஆலை நடத்த முடியுமா தம்பி? நான் கேட்பது நியாய வட்டிக்கு நடைமுறை மூலதனம்.

கடைக் கொப்பி:
சரி, உறுதிக்காணி இருந்தவன் தப்பினானா? பராட்டே அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம். பெரிய கடனைக் கட்டாவிட்டால், ஈடு வைத்த காணியை வழக்கே போடாமல் வங்கி ஏலம் விடலாம். 2022 நெருக்கடியில் மத்திய வங்கி மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளிகளால் ஏற்றியது. எத்தனை பேர் கட்ட முடியாமல் நின்றார்கள்! பராட்டேயை 2025 மார்ச் வரை நிறுத்தி வைத்ததே அதனால்தான். பெர்மிட் காணி என்பதால்தான் உங்கள் ஆலை இன்னும் உங்களிடம் இருக்கிறது என்பேன்.

முள்ளியவளைக் கச்சான்:
இரண்டு பேரும் வங்கியை விட்டு வெளியே வாருங்கள். நான் கச்சான் வறுத்துப் பைக்கற் போடுகிறேன். கடன் எடுத்துச் சீலிங் மெசின் வாங்கினேன், அதில் குறையில்லை. கடைக்காரர் காசு தருவதுதான் பாடு. விற்ற பிறகு பார்ப்போம் என்பார்கள். விற்காததை வெயில்படத் தொங்கவிட்டு, சிக்கு மணம் வந்ததும் திருப்பித் தருவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் மட்டும் ஒரே இரவில் கைக்காசுக்கு எல்லாம் போகும். வருசம் முழுக்கப் பொங்கல் வருமா?

கடைக் கொப்பி:
தங்கச்சி, கடைக்காரன் எங்கே போவான்? என் கடையின் கடன் கொப்பியில் பாதி விவசாயிகளின் பெயர். அரிவு வெட்டி நெல் விற்றால்தான் தருவார்கள். 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டபோது விளைச்சல் விழுந்தது, அந்தப் பக்கங்கள் இன்னும் முழுதாக வெட்டப்படவில்லை.

பரந்தன் ஆலைக்காரன்:
அப்போ அந்த நெல்லை உடனே காசு கொடுத்து வாங்க இங்கேயே ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கடன் வேண்டும். நான் முதலில் சொன்னது வேறென்ன?

முள்ளியவளைக் கச்சான்:
கடன் கிடைத்தால் விவசாயிக்குக் கைக்காசு தருவீர்களா அண்ணை, இல்லை அறுவடை முடியட்டும் என்பீர்களா? போன முறை என் அப்பாவிடம் நெல் எடுத்த ஆலைக்காரர் இன்னும் "அடுத்த கிழமை" என்றுதான் சொல்கிறார்.