100 சிப்பம் 200 ஆக வருகிறது, ஜாயினில் எங்கே தப்பு?

மன்னார்குடியான்:
நெல் வியாபாரி ஒருவரிடம் கணக்குப் பார்க்கிறேன். டேட்டாபேஸில் விவசாயி, வரவு (வந்த நெல்), பட்டுவாடா (கொடுத்த பணம்) என்று மூன்று டேபிள். சம்பா முடிந்து யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எடுக்க SQL க்வெரியில் மூன்றையும் ஜாயின் பண்ணி (விவசாயி எண்ணை வைத்து இணைத்து) சம் போட்டுக் கூட்டினேன். வடுவூர்க்காரர் ஒருவர் போட்டது 100 சிப்பம், 200 வருகிறது. ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்ட் சேர்த்தால் 60. இரண்டு நாளாக க்வெரியை மாற்றி மாற்றி எழுதுகிறேன். நாளைக் காலையில் அவர் வந்து நிற்பார்.

வெண்ணாற்றங்கரை:
எத்தனை நடை (லோடு) போட்டார், எத்தனை தவணை கொடுத்தீர்கள்?

மன்னார்குடியான்:
40, 40, 20 என்று மூன்று நடை. 50,000, 70,000 என்று இரண்டு தவணை.

கும்பகோணத்தான்:
தம்பி, க்வெரியை மூடி வை. ஒரு தாளில் அந்த வடுவூர்க்காரரை மட்டும் எழுது. ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு தவணையோடும் ஜோடி சேரும், ஆக 6 வரி. சிப்பம் இரண்டு மடங்கானது அதனால்தான். பணத்தையும் கூட்டிப் பார்: 1,20,000 கொடுத்தது 3,60,000 என்று நிற்கும். எனக்கு அதுதான் பயம். பாக்கி வரவேண்டிய மனுஷனிடம் 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடுவாய். டிஸ்டிங்ட் இரண்டு 40-ல் ஒன்றை விழுங்கியது, அதுதான் 60. அதை எடுத்துவிடு.

க்வெரியை செலக்ட் என்று தொடங்குவதற்கு முன்னால், விடையில் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று தமிழிலேயே ஒரு வாக்கியம் எழுதிக்கொள்வேன். உனக்கு வேண்டியது ஆளுக்கு ஒரு வரி. வரவில் நடைக்கு ஒரு வரி, பட்டுவாடாவில் தவணைக்கு ஒரு வரி. இந்த மூன்றையும் அப்படியே கலந்தால் கணக்கு கெடாமல் என்ன செய்யும்? வரவைத் தனியாக விவசாயி எண்ணில் குரூப் பை பண்ணி ஆளுக்கு ஒரு கூட்டுத்தொகை எடு, பட்டுவாடாவையும் அதே போல. இரண்டும் ஆளுக்கு ஒரு வரியான பிறகு விவசாயி டேபிளோடு லெஃப்ட் ஜாயின்; அதில் ஜோடி இல்லாத விவசாயியும் விடுபடமாட்டார். ஒவ்வொரு ஜாயினுக்குப் பிறகும் கவுண்ட் போட்டு வரிகளை எண்ணு. விவசாயிகள் எண்ணிக்கையைத் தாண்டினால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்.

வெண்ணாற்றங்கரை:
தவணைத் தேதி நிபந்தனை இருந்தால் பட்டுவாடாவைத் தனியாகக் கூட்டும் இடத்திலேயே போடுங்கள். க்வெரியின் கடைசியில் வேர் (WHERE) என்ற நிபந்தனைப் பகுதியில் வைத்தால் இன்னும் பணமே வாங்காதவர் பட்டியலை விட்டே போய்விடுவார். முதலில் கொடுக்கவேண்டியவரே அவர்தான்.

மன்னார்குடியான்:
100 சிப்பம், 1,20,000. தாளில் எழுதியதும் அதேதான் அண்ணே! பணமே வாங்காத நாலு பேருக்குப் பாக்கி நல் (NULL, மதிப்பே இல்லை) என்று வந்தது. தொகையில் கோயலஸ் (நல்லுக்குப் பதிலாக வேறு மதிப்பு வைப்பது) போட்டு 0 ஆக்கியதும் சரியாகிவிட்டது. அந்த நாலு பேருக்கும் இப்போதே போன் பண்ணுகிறேன்.