இத்தனை சத்தத்துக்கு நடுவே உங்கள் அரசியல் கருத்து எங்கிருந்து வருகிறது? அனுபவம் சொல்லுங்கள்

அன்னூரிலிருந்து ஒருவர்:

எங்கள் பக்கம், பவானித் தண்ணீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்காகச் சண்டை போடாத வாட்ஸ்அப் குழுவே கிடையாது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. "அடிக்கல் நாட்டினது எடப்பாடியார், பேர் வாங்கறது வேற ஆளா?" என்று ஒரு பக்கம். "கல்லை நட்டா தண்ணி வந்திருமா? முடிச்சது யாரு?" என்று இன்னொரு பக்கம். பங்காளிகளுக்குள்ளேயே பேச்சு நின்றுபோனது.

பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். 2016 பிப்ரவரியில் அவிநாசியில் இதற்காக நடந்த உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தவர். "ரண்டு கச்சிக்காரனும் சொல்றது நெசந்தான் கண்ணு. 2019ல கல்லு நட்டாங்க, 2024ல தண்ணி உட்டாங்க. அதுக்கு முன்னால நாங்க எத்தனை வருசம் கத்துனோம்னு எவனாச்சும் போடறானா? மொதல்ல நம்ம குட்டைக்கு வந்துச்சான்னு போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். கரையோரம் சின்னதாக ஒரு கம்பி வேலி, உள்ளே சோலார் தகடு, ஒரு பெட்டி, அதை ஒட்டி இறங்கும் குழாய். குழாய் வாய்க்குக் கீழே மட்டும் மண் அரித்திருந்தது. குட்டைக்குள் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, "வந்துச்சுங்க, அப்புறம் நின்னுபோச்சுங்க" என்றார்.

ஏன் நின்றது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு விஷயமே பிடிபட்டது. திட்டம் நம்பியிருப்பது பவானியின் உபரி நீரை. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து நொடிக்கு 250 கன அடி, 70 நாளைக்கு எடுக்கலாம். பெருக்கிப் பாருங்கள், ஒன்றரை டிஎம்சி வரும். அதை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேட்டுக்குத் தள்ளி 1,045 குளம் குட்டைகளுக்குப் பிரிக்க வேண்டும். அந்த நிலையங்களில் ஒன்று எங்கள் அன்னூரில் இருக்கிறது. ஆற்றில் உபரி இல்லாத வருடம் என்ன கதி? சீமைக்கருவேலத்தை எடுக்காமல் தண்ணீர் விட்டால் யாருக்கு லாபம்? 1,916 கோடி ரூபாய் செலவான திட்டம். இந்தக் கேள்விகளை எந்தக் குழுவிலும் ஒருவரும் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. இப்போது கிராம சபையில் கேட்கிறேன். யார் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் என் ஓட்டு.

திருப்பூரிலிருந்து ஒருவர்:

அன்னூர் அண்ணன் குட்டையைப் போய்ப் பார்த்தார். எங்களுக்கோ பக்கத்து மிஷினில் இருக்கிற ஆளே கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டான்.

2023 மார்ச் முதல் வாரம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். காலையில் போனால் பவர் டேபிளில் பாதி தையல் மிஷின் காலி. பீகார் பையன் ஒருவன் தோளில் பையோடு கேட்டருகே நின்றான். "அம்மா அழுவுது அண்ணா, ஊருக்குப் போறேன்" என்று போனை நீட்டினான். தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று இந்தியில் ஒரு வீடியோ. என் போனிலும் ஒன்று கிடந்தது. ஜனவரியில் இதே திருப்பூரில் எடுத்தது, வடநாட்டுக்காரர்கள் தமிழர்களை ஓட ஓட விரட்டுகிறார்கள் என்று தமிழில் எழுதி வந்தது. அதை அவனிடம் காட்டினேன். அவனுக்கு என்னைக் கண்டு பயம், எனக்கு அவனைக் கண்டு பயம். தினமும் ஒரே கேட்டில் நுழைகிற இரண்டு பேருக்கு இந்தப் பயத்தை அனுப்பியவர்கள் யாரோ, எங்கோ இருக்கிறார்கள்.

டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் திருப்பூருக்கே வந்து விசாரித்தார்கள். ஹோலிக்கு ஊர் போகிற ரயில் கூட்டத்தைக்கூட உயிருக்குப் பயந்து ஓடுகிற கூட்டமாகக் காட்டியிருந்தார்கள்.

சரி, பொய் என்று தெரிந்துவிட்டது. ஆனால் "அவங்க வந்ததாலதான் கூலி ஏறல" என்கிற பேச்சு பேக்கரியில் இன்றும் நடக்கிறது, அது வெறும் புரளி இல்லை. அந்தப் பையன் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். காண்ட்ராக்டர் மூலம் வந்தவன். பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை. ரூம் வாடகையும் சாப்பாடும் பிடித்தது போகத்தான் கையில் கொடுக்கிறார்கள். இப்படி ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் முதலாளி எனக்கு எதற்குக் கூட்டித் தரப்போகிறார்? வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதே வேலை செய்கிற மற்றவர்களுக்குத் தருகிற கூலியையே தர வேண்டும் என்று 1979லேயே சட்டம் போட்டார்கள். அவனுக்கும் எனக்குத் தருவதையே கொடு என்று கேட்பதுதான் இப்போது என் அரசியல். யூனியன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எங்கள் ஆட்களிலேயே சிலர் எழுந்து போனார்கள்.

ஈரோட்டிலிருந்து ஒருவர்:

திருப்பூர் தம்பிக்கு: எழுந்து போனவர்களை விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் மாமனார் ஒரு கட்சி, நான் வேறு. தொகுதி ஈரோடு கிழக்கு. 2023 பிப்ரவரி 27, 2025 பிப்ரவரி 5 என்று இரண்டு வருடத்துக்குள் இரண்டு இடைத்தேர்தலைப் பார்த்த ஊர். முதல் தேர்தலில் போனைத் திறக்கவே முடியவில்லை, அத்தனை மீம், அத்தனை வசவு.

அப்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேட்பாளர்கள் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையத் தளத்திலிருந்து இறக்கி, அவர் ஆளுடையதை நான் படிக்க வேண்டும், என் ஆளுடையதை அவர் படிக்க வேண்டும். சொத்து, கடன், அரசுக்குப் பாக்கி, வழக்கு எல்லாம் அதில் இருக்கும்.

"ஏனுங் மாமா, இவருக்கு இத்தனை கேஸ் இருக்குதுங்களே?"

"அது மறியல் பண்ணுனதுக்குப் போட்டது அம்மிணி. பிரிவைப் பாரு."

பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், பெரும்பாலும் மறியல் வழக்குகள். மீமில் வழக்கின் எண்ணிக்கையை மட்டும் போடுவார்கள். அதற்கடுத்து என் ஆளின் கடன் கணக்கில் மாமா ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. நேரில் வாக்குக் கேட்டு வந்த கட்சிக்காரரிடம் அதையே கேட்டேன், அவர் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 2025ல் மாமாவின் கட்சி போட்டியிடவே இல்லை. அப்போதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: அந்தப் பிரமாணப் பத்திரத்துக்குப் பெயர் படிவம் 26. கடைசியில் ஒரு சுருக்கம் இருக்கும், அதோடு நிறுத்த வேண்டாம். எந்த வழக்கு, எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் முன்னால் உள்ள அட்டவணையில்தான் இருக்கிறது.