பட்டியல் உருளும்போது திணறுகிறது, படங்களும் இடம் மாறுகின்றன: அவசர உதவி தேவை

கேட்டவர்:
எங்கள் செயலியில் ஏறத்தாழ 800 வரிகள் கொண்ட பட்டியல் உள்ளது. வேகமாக உருட்டினால் திரை திணறுகிறது. ஒரு வரிக்குரிய படம் வேறொரு வரியில் கணநேரம் தோன்றி மறைகிறது. நாளை மறுநாள் வெளியீடு. வழி சொல்லுங்கள்.

வெண்பலகை:
ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா, ஃப்ளட்டரா? படங்களின் அளவு என்ன? எந்தக் கைபேசியில் சோதித்தீர்கள்?

தூரிகை:
படங்களின் அளவுதான் காரணம் என்பேன். 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தை அப்படியே விரித்தால் (சுருக்கிய கோப்பைப் புள்ளிகளாக மாற்றினால்), புள்ளிக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 48 மெகாபைட் பிடிக்கும். வரியில் தெரியும் அளவுக்குச் சுருக்கியே விரியுங்கள்.

கேட்டவர்:
மன்னிக்கவும். ஆண்ட்ராய்டு; பட்டியலைக் காட்டுவது ரீசைக்ளர்வியூ என்ற கூறு.

பழையகை:
ரீசைக்ளர்வியூ 2014 முதல் இருக்கிறது. ஆவணத்தை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. திரையை விட்டு நீங்கிய வரியின் வியூ (அதைத் திரையில் காட்டும் உறுப்பு), புதிய வரிக்கு மறுபடியும் பயன்படுகிறது. பழைய படக் கோரிக்கையை நீங்கள் ரத்து செய்யாததால், தாமதமாக வந்து சேரும் படம் புதிய வரியில் போய் அமர்கிறது. இது பாலபாடம்.

வெண்பலகை:
விளக்கம் சரி, ஆனால் அவசரத்தில் இருப்பவரிடம் பாலபாடம் என்று சொல்லத் தேவையில்லை. திணறலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம்: பட்டியல் நெஸ்டட் ஸ்க்ரோல்வியூ என்ற மற்றோர் உருளும் பெட்டிக்குள் இருந்தால், உயரத்துக்கு வரம்பில்லாமல் 800 வரிகளும் ஒரே மூச்சில் உருவாகிவிடும்.

பழையகை:
அப்படியானால் மறுபயன்பாடே நிகழாது, படமும் இடம் மாறாது. அவர் சொன்ன அறிகுறியே உங்கள் ஊகத்தை மறுக்கிறது.

வெண்பலகை:
ஒப்புக்கொள்கிறேன்.

தூரிகை:
கம்போஸ் என்ற ஆண்ட்ராய்டு இடைமுகக் கருவியின் லேசிகாலம் (LazyColumn) பட்டியலுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இராது.

பழையகை:
இரண்டு நாளில் மாறச் சொல்வது பொறுப்பான அறிவுரை அன்று. அதிலும் வரிகளுக்கு நிலையான கீ (அடையாளக் குறி) தராவிட்டால், நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் ஒரு வரியின் நிலைத்தகவல் வேறு வரிக்கு இடம் பெயரும்.

தூரிகை:
கீ கொடுப்பது நிரலில் ஒரே ஒரு வரி எழுதும் வேலை; அதற்காக ஒரு கருவியையே ஒதுக்குவதை ஏற்க முடியாது.

வெண்பலகை:
அந்த விவாதம் பிறகு. கேட்டவரே, ஒவ்வொரு வரியிலும் தரவை நிரப்பும் ஆன்பைண்ட்வியூஹோல்டர் செயற்கூறுக்குள் தேதியை வடிவமைப்பது, படத்தை விரிப்பது போன்ற வேலைகள் நடக்கின்றனவா? 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்கு 16.7 மில்லி விநாடியும், 120 ஹெர்ட்ஸில் அதில் பாதியும்தான் கிடைக்கும். டீபக் பில்டை (பிழை தேடும் மெதுவான பதிப்பை) விட்டு ரிலீஸ் பில்டில் (வெளியிடும் பதிப்பில்) அளந்து பாருங்கள்.

கேட்டவர்:
கோரிக்கையை ரத்து செய்ததும் படங்கள் இடம் மாறுவது நின்றது. தேதி வடிவமைப்பு உள்ளேதான் இருந்தது, வெளியே எடுத்துவிட்டேன். ரிலீஸ் பில்டில் திணறல் பெரிதும் குறைந்துள்ளது. நன்றி.