ஜூன் விடுமுறையில் பிக் பெண்ட் மலைப்பக்கம் போகலாமா?

பொங்கோல்_வாசி:
வணக்கம். தங்கை ஆஸ்டினில் இருக்கிறாள். பிள்ளைகளின் ஜூன் விடுமுறைக்கு அங்கே போகும்போது, மேற்கு டெக்சஸில் உள்ள பிக் பெண்ட் தேசியப் பூங்காவையும் பார்த்துவிடலாம் என்று ஆசை. என்னோடு மனைவி, 9 வயது மகன், 67 வயது அப்பா. அப்பா இங்கே சிங்கப்பூரில் வாராவாரம் புக்கிட் தீமா குன்று ஏறுகிறவர், "வெயில் என்ன நமக்குப் புதுசா?" என்கிறார். மனைவிக்குக் கரடி பயம். எந்தப் பாதையில் நடக்கலாம்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_அண்ணாச்சி:
தம்பி, ஜூன் வேண்டாம். எண்ணெய்க் கம்பெனி வேலையாக மேற்கு டெக்சஸின் மிட்லண்டில் சில வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

நம் வெயிலில் வேர்வை கொட்டுவது தெரியும், தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே காற்று அப்படி வறண்டது. வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், சட்டை நனையாது. உடம்பு வற்றுவது தலை சுற்றும்போதுதான் தெரியவரும். புக்கிட் தீமாவில் பழகியவர்கள்தான் இதில் ஏமாறுவார்கள். 2023 ஜூனில் அந்தப் பூங்காவின் மருஃபோ வேகா பாதையில் 14 வயதுப் பையன் ஒருவன் மயங்கி விழுந்து இறந்தான். உதவி தேடிக் காரில் போன அவனுடைய வளர்ப்புத் தந்தையும் விபத்தில் போய்விட்டார். அன்று வெப்பம் 48 டிகிரி.

பூங்காவின் பரப்பு 3,200 சதுர கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூரைப் போல நான்கு மடங்கு. ரியோ கிராண்டே ஆற்றங்கரை சுமார் 550 மீட்டர் உயரம், சீசோஸ் மலைக்கு நடுவே இருக்கும் பேசின் 1,650 மீட்டர். ஆற்றங்கரையில் கொதிக்கும்போது மேலே 10 டிகிரி வரை குறைவாக இருக்கும். அதனால் ஒரே பையில் தொப்பியும் வேண்டும், குளிர் உடையும் வேண்டும்.

அப்பாவுக்கு ஏற்றது லாஸ்ட் மைன் பாதை. போக வர 7.7 கிலோமீட்டர், 335 மீட்டர் ஏற்றம். புக்கிட் தீமா மொத்தமே 163 மீட்டர்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக ஏற வேண்டும் என்றில்லை, முதல் 1.6 கிலோமீட்டரிலேயே பள்ளத்தாக்கு திறந்து காட்டும் இடம் வந்துவிடும். அங்கே உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டுத் திரும்பினாலும் நஷ்டமில்லை. பையனுக்கு சாண்டா எலெனா கேன்யன்: இரண்டு பக்கமும் 450 மீட்டர் செங்குத்துப் பாறை, நடுவே ஆறு, எதிர்ப்பாறை மெக்சிகோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர், பேரம் பேசாதீர்கள்.

இப்போதிருந்தே அப்பாவைப் புளோக் மாடிப்படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறக்கத்தில்தான் முட்டி பழிவாங்கும்.

ஈசூன்_தாமரை:
கரடி உண்டு, கறுப்புக் கரடி. ஒரு காலத்தில் அங்கே அற்றுப்போய், 1980களின் கடைசியில் மெக்சிகோ மலைகளிலிருந்து தானாகவே திரும்பி வந்தவை. முகாம்களில் இரும்புப் பெட்டி வைத்திருப்பார்கள். சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாம் அதற்குள். கூடாரத்தில் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். நான் கரடியைவிட மலைச்சிங்கத்தைத்தான் நினைப்பேன். மகனை முன்னால் ஓடவிடாதீர்கள். எதிரே வந்தால் ஓடக்கூடாது. கையைத் தூக்கி, சத்தம் போட்டு, பெரிய ஆளாகத் தெரிய வேண்டும். சைவம் என்றால் வழியில் ஆல்பைன் ஊரிலேயே மளிகை வாங்கிவிடுங்கள்.

ஜூரோங்_பயணி:
பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். பூங்காவிலிருந்து வடக்கே வரும் சாலைகளில் எல்லைக் காவல் சோதனை உண்டு. அப்பா நிரந்தரவாசியாக இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவருக்குத் தனியாக விசா வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு எஸ்டா, அதாவது விசா இல்லாமல் போக இணையத்தில் வாங்கும் அனுமதி, போதும். கைபேசி பெரும்பாலும் எடுக்காது, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

பொங்கோல்_வாசி:
நன்றி அண்ணாச்சி, நன்றி எல்லாருக்கும். 48 டிகிரி என்றதும் அப்பா அடங்கிவிட்டார். ஆண்டிறுதி விடுமுறைக்கு மாற்றினால் எந்த வாரம் நல்லது?

தெம்பனிஸ்_அண்ணாச்சி:
டிசம்பர் முதல் பாதி. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் வாரமும் கிறிஸ்துமஸ் வாரமும் நம் தேக்கா ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான். முகாம் இடங்களை 6 மாதம் முன்னதாகவே பதியலாம், ஆகவே ஜூனில் வேலை உண்டு உங்களுக்கு. பேசின் விடுதியை இடித்துக் கட்டும் திட்டம் இருக்கிறது. பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, தேவையானால் பூங்காவுக்கு வெளியே டெர்லிங்குவா ஊரில் அறை எடுங்கள்.