புதுப்பிப்பு: வியாழனின் வண்ணப் பிசிறு தீர்ந்தது

காரைக்குடி வீட்டு மொட்டைமாடியிலிருந்து சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளில் தனித்தனியே எடுத்த வியாழன் படங்களை ஒன்றாக்கியபோது, அக்கோளில் வீசும் மாபெரும் புயலான பெரும் சிவப்புப் புள்ளியைச் சுற்றி வண்ணங்கள் பிசிறியதை முன்பு எழுதியிருந்தேன். வடிகட்டியின் குறையாக இருக்கலாம் என்று நண்பர்கள் சிலர் கருதினார்கள், காரணம் அதுவன்று.

வியாழன் ஏறத்தாழ 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால், முதல் படத்திற்கும் கடைசிப் படத்திற்கும் இடையே நான் விட்ட 12 நிமிடத்தில் அது 7 பாகைக்கு மேல் திரும்பியிருந்தது. விளிம்புகளைப் பொருத்தினாலும் உள்ளே இருந்த புள்ளி நகர்ந்தே நின்றது. இம்முறை மூன்றையும் 4 நிமிடத்திற்குள் முடித்து, மீதிச் சுழற்சியை மென்பொருளில் பச்சைப் படத்தின் நேரத்திற்குத் திருத்தினேன்.

பகல் வெயிலில் காய்ந்த மாடித் தள ஓடுகள் ஆறும்வரை, அப்பத்தா சாப்பிடக் கூப்பிட்டும் இறங்காமல், இரவு பத்து மணி வரை காத்திருந்ததும் பலன் தந்தது; சூடான தளத்தின் மேல் எழும் காற்றின் அலைவு நீலப் படத்தைத்தான் அதிகம் கெடுக்கும். நீலத்தில் கரும்பொட்டாகத் தெரிந்த அந்தப் புள்ளி, சிவப்பில் ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. மூன்றையும் சேர்த்ததும் அது செங்கல் நிறத்தில் எழுந்து வந்தபோது, நெடுநேரம் திரையை விட்டு நகர மனம் வரவில்லை.