பாரிஸ்டர் படிப்புக்கு மகளை லண்டன் அனுப்பலாமா?

கேள்வி (பெரம்பூர்வாசி):
என் மகள் இவ்வாண்டு பி.காம். முடித்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் வழக்கறிஞர் எவரும் இல்லை. லண்டனில் சட்டம் படித்துப் பாரிஸ்டராகி, பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாட வேண்டும் என்பதில் அவள் உறுதியாக இருக்கிறாள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் செலவைச் சமாளித்துவிடலாம். அந்தத் தகுதிக்கு இங்கே தனி மதிப்பு உண்டா, இங்கேயே மூன்றாண்டு பி.எல். சேர்ப்பது நல்லதா என்று விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (ஒரிஜினல் சைடு வழக்கறிஞர்):
ஐயா, தயவுசெய்து பத்திரத்தை இப்போது எடுக்காதீர்கள். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்புதான். அதற்குள் மூத்த வழக்கறிஞர் என்ற தகுதி மட்டும் தனியாக உண்டு. பாரிஸ்டர் என்பதை மட்டுமே காட்டிப் பதிவு செய்துகொள்ளும் வழி, 1976 டிசம்பர் 31க்குள் அத்தகுதி பெற்றவர்களோடு முடிந்துபோனது. இன்று உங்கள் மகள் அங்கே படித்துத் திரும்பினால், அந்தப் பட்டம் இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்ததாக இருக்க வேண்டும்; வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வில் அவர் தேற வேண்டும்; பதிவு செய்த பின் எல்லோரையும் போல அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். பாரிஸ்டர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானவர் பாரிஸ்டர் அல்லாத தி. முத்துசாமி ஐயர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். நேரடியாக உயர் நீதிமன்றத்திலேயே தாக்கலாகும் உரிமையியல் வழக்குகளில் சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரியான அடிஷனல் மாஸ்டர் முன்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வேலையை மகள் ஒருநாள் பார்த்தால், மனத்தில் வைத்திருக்கும் பாரிஸ்டர் வேலை பாரிமுனையிலேயே நடப்பது அவருக்குப் புரியும்.

பதில் 2 (லண்டனிலிருந்து திரும்பியவன்):
நான் அந்தப் பாதையில் பாதி தூரம் சென்றவன் என்பதால் எழுதுகிறேன். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் உறுப்பினராகிப் பார் படிப்பை முடிப்பது, உழைக்கும் பிள்ளைக்கு எட்டாத காரியம் அன்று. அதற்குப் பிறகு வரும் பியூப்பிலேஜ் என்னும் ஓராண்டுப் பயிற்சிதான் கதவு. முதல் ஆறு மாதம் உடனிருந்து கற்க வேண்டும், அடுத்த ஆறு மாதம் மேற்பார்வையில் வழக்கு நடத்தலாம். அந்த இடங்கள் மிகக் குறைவு. நான் இரண்டு ஆண்டுகள் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. கடனை மட்டும் இன்றுவரை அடைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்திலேயே தொழில் செய்வது நோக்கமானால் முயலட்டும். சென்னைக்காக என்றால் வேண்டாம்.

பதில் 3 (நான்காம் ஆண்டு ஜூனியர்):
நானும் முதல் தலைமுறை வழக்கறிஞர்தான், அப்பா. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால் நுழைவது எளிது, நிலைப்பதுதான் கடினம். அதே ஆண்டு ஜூனில் நம் உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று கூறியது. என் முதல் சீனியர் போக்குவரத்துச் செலவுக்கு மேல் எதுவும் தந்ததில்லை. ஆகவே வீட்டை வைத்துத் திரட்ட நினைத்த தொகையில் சிறு பகுதியைச் சேமிப்பிலிருந்து ஒதுக்கி, பி.எல். முடித்த பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மகளின் கைச்செலவுக்கு வைத்திருங்கள். சம்பளம் போதவில்லை என்பதற்காகவே என் வகுப்புத் தோழிகள் பலர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டார்கள். நான் தாக்கல் செய்த முதல் மனு, வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வழக்கறிஞருக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில், வழக்கறிஞர் நலநிதி முத்திரை ஒட்டவில்லை என்று திரும்பி வந்தபோது, தம்புச் செட்டித் தெரு அலுவலகத்தில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வழக்குக் கட்டு முழுவதையும் சரிபார்க்கக் கற்றுத் தந்தவர் குமாஸ்தா அண்ணன். சீனியரைத் தேடும்போது அவருடைய புகழைப் பார்க்க வேண்டாம். அவரிடம் இருக்கும் ஜூனியர்கள் தாங்களே எழுந்து வாதாடுகிறார்களா, வாய்தா மட்டும் கேட்டு வருகிறார்களா என்று மகளை ஒரு வாரம் கோர்ட் ஹாலில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.